ஐந்தாம் வகுப்புக்கு வாங்கிய மரப் பல்லாங்குழி

பவானி கூடுதுறைப் பக்கம் ஒரு கடையில், மடக்கி வைக்கிற மாதிரியான மரப் பல்லாங்குழி ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. பிளாஸ்டிக்கில் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் நான் பார்த்தவற்றில் குழி ஆழம் பத்தாது, கொட்டை துள்ளி வெளியே விழும். இதில் குழியை ஆழமாகக் குடைந்து, உள்பக்கத்தை நன்றாக இழைத்திருக்கிறார்கள். சின்னக் கையால் ஒரே வழியாக வழித்தெடுக்கலாம்.

குறை என்றால் நடுவில் உள்ள கீல்தான். திருகு சிறியது, மடக்கி விரித்ததில் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிட்டது. ஊர் ஆசாரி கொஞ்சம் பெரிய திருகாகப் போட்டுக் கொடுத்தார். கூட வந்த சோழிகளும் ஒரே அளவில் இல்லை. புளியங்கொட்டைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து, ஆக 70 கொட்டை. பிள்ளைகளே கொண்டுவந்து கழுவிக் காயவைத்தார்கள்.

கூட்டல் கழித்தல் பழகட்டும் என்றுதான் வாங்கினேன். அது நடக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப்பட்டது என்று இந்தப் பலகை எனக்குக் காட்டியதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி கையை வைக்கும் முன் கண்ணாலேயே ஓடிப் பார்த்துவிடுவாள். "டீச்சர், இதுல அஞ்சு எடுத்தா அங்க மூணு நாலாயிருமுங்க, பசு எனக்குங்க" என்பாள். (ஒரு குழியில் நான்கு கொட்டை சேர்ந்தால் அதுதான் பசு.) கணக்கு நோட்டில் அவள் சுமார்தான். இன்னொருவன் எப்போதும் பெரிய குவியலைத்தான் அள்ளுவான். அடுத்து என்ன ஆகும் என்ற கவலையே கிடையாது. தோற்றாலும் அதே சிரிப்பு. மஞ்சள் காட்டுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி ஆடவே மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை பசு என்று எழுதிவைப்பாள். சண்டை வந்தால் அவள் நோட்டில் இருப்பதுதான் தீர்ப்பு, எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

ஒடிசாவிலிருந்து நூல்மில் வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். தமிழில் வாய் திறக்கத் தயங்குவான். ஆட்டம் மட்டும் பார்த்தே பிடித்துக்கொண்டான். ஒருநாள் எதிரே இருந்தவன் ஒரு குழியைத் தாண்டிப் போட்டதும், "ஏய், இங்க விட்டுட்ட!" என்றான் கணீரென்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவ்வளவு கனத்த குரல் அவனுக்கு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. "அப்படிச் சொல்லு சாமி" என்றேன். இப்போது கொட்டையை எண்ணுவதெல்லாம் தமிழில்தான்.

எல்லாம் ஒரே மாதிரி பிள்ளைகளாக இருந்திருந்தால், காலையில் பஸ் பிடித்து வருவதில் எனக்கு இவ்வளவு ஆசை இருந்திருக்காது. பொறுமைக்காரி, அவசரக்காரன், நியாயம் பார்ப்பவள், ஊமைபோல் இருந்து திடீரென்று வாய் திறப்பவன், எல்லோரும் எனக்கு வேண்டும்.

வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: கடையிலேயே விரித்து வைத்து, கீலை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் ஆட முடியும் என்பதால் வகுப்புக்கு ஒரு பலகை பத்தாது. அடுத்த சம்பளத்தில் இன்னும் இரண்டு வாங்கப் போகிறேன்.