எதில் நாற்பது சதவீதம்? ஹட்டன் ஞாயிறு வகுப்பு பற்றி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டியூசன் கட்டடத்தின் மாடி அறையில், அரசியல் மேடைகளில் சொல்லப்படும் எண்களைச் சரிபார்க்கக் கற்றுத்தரும் நான்கு வார வகுப்பு ஒன்று நடக்கிறது. கட்டணம் ஆயிரம் ரூபாய். போட்டோக்கொப்பியும் பிளேன்டீயும் அதற்குள் அடக்கம். நடத்துபவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சாதாரண தரக் கணிதத்துக்கு மேலே எதுவும் தேவைப்படாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். நான்கு ஞாயிறும் இருந்து பார்த்ததில் அது உண்மைதான்.

முதல் வாரம் முழுவதும் 2019 ஜனவரியில் கையெழுத்தான தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்துக்கே போனது. அதற்கு முந்திய 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலைப் பங்கு 30 எனச் சேர்ந்து 730 ரூபாயாக இருந்தது. புதிய ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆகவும் விலைப் பங்கை 50 ஆகவும் உயர்த்தி, மற்ற இரண்டு கொடுப்பனவுகளையும் எடுத்துவிட்டதால் மொத்தம் 750 ஆனது. ஐந்நூறு எழுநூறானதை வைத்து 40 சதவீத உயர்வு என்றார்கள்; 730 ரூபாய் 750 ஆனதை வைத்துப் பார்த்தால் அது மூன்று சதவீதம்கூட இல்லை. ஆசிரியர் இதோடு நிற்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கும் 8 சதவீதம் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்பட்டது என்பதால், முன்பு 40 ரூபாயாக இருந்த பிடிப்பு 56 ஆனதையும் கழித்து, 690 ரூபாய் 694 ஆனது என்று பலகையில் எழுதினார். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "நாலு ரூவாயா சேர்? பிளேன்டீக்கும் காணாதே!" என்றதும் வகுப்பே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபக்கத்தையும் எடுத்தார். இந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். வரவும் பறித்த கொழுந்தின் கிலோவும் குறைந்து அந்த 60, 140 இரண்டையும் இழந்துவந்த ஒருவருக்கு முன்பு கிடைத்தது 530 ரூபாய். அவருக்கு 750 என்பது 220 ரூபாய் உயர்வு, அதாவது 41 சதவீதத்துக்கும் மேல். முதலாளி தரப்பு சேமலாப நிதிக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் அடிப்படைச் சம்பளத்தில் செலுத்தும் 15 சதவீதத்தைச் சேர்த்துத்தான் கம்பனிகள் அந்தச் சம்பளங்களை 805 என்றும் 855 என்றும் சொல்லிவந்தன. ஆக ஒரே ஒப்பந்தத்துக்கு நாற்பது, மூன்றுக்கும் குறைவு, நாற்பத்தொன்று என மூன்று சதவீதங்கள் கிடைக்கின்றன, மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. யாருடைய சம்பளம், எதிலிருந்து எதற்கு என்பதைச் சொல்லாமல் விட்டவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியர். எவரையும் பொய்யர் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் பணவீக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த செப்டெம்பரில் 1.3 ஆனபோது, விலைவாசி இறங்கிவிட்டதாகப் பேசியவர்கள் உண்டு. நூறு ரூபாய்ச் சாமான் முதலில் ஏறக்குறைய 170 ஆகி, பிறகு 172 ஆனது என்பதே அதன் பொருள். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் விடயம். அதை இரண்டு மணி நேரம் இழுத்தார்.

மூன்றாம் வாரம், இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளுக்கும் பிரித்த 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பிறகு தீர்மானிக்கவென விடப்பட்டவர்கள் 150,000 பேர். அந்த மீதியையும் 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. முதல் இரண்டு எண்களையும் சுருக்கினால் ஏழுக்கு நாலு. ஆசிரியர் இதை விகிதக் கணக்காகவே செய்துவிட்டு நகர்ந்தது எனக்கு ஏமாற்றம். எங்கள் லயத்தில் ஏழில் போனவர் பெரிய தாத்தா, நாலில் நின்றவர் என் தாத்தா. இத்தனை சுத்தமாகச் சுருங்கும் ஒரு விகிதத்தை எழுதும்போது, எண்ணப்பட்டவர்களிடம் ஒப்பந்தத்துக்கு முன் யாரும் விருப்பம் கேட்கவில்லை என்பதற்கு ஒரு வரியாவது பலகையில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

கடைசி வாரம் மழையில் தலவாக்கலைப் பக்கத்து பஸ்கள் பிந்தியதால் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் 61.56 சதவீத வாக்கு எப்படி 225 இல் 159 ஆசனமாக, அதாவது 70 சதவீதத்துக்கு மேலாக ஆனது என்பதை மாவட்ட வாரியான பங்கீட்டையும், மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்குக் கிடைக்கும் போனஸ் ஆசனத்தையும் வைத்து விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை, 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாகப் பிரித்துக்காட்டிய ஆசிரியர், அதை 25 ஆல் பெருக்கி மாதச் சம்பளம் 25,000 என்று எழுதினார். மேடைகளில் தொழிற்சங்கத்தினரும் கம்பனியினரும் செய்யும் அதே பெருக்கல். சிரிக்க வைத்த அதே அக்கா எழுந்து, அந்த வருடத்துச் சம்பளச் சீட்டு ஒன்றை விரித்துக் காட்டினார்: பதின்மூன்று முழுப்பேர் (முழுநாள் வேலை), நாலு அரைப்பேர் (அரைநாள் வேலை). பிடிப்புகளுக்கு முன்பே அது பதினைந்தாயிரம்தான். "அது வேலைநாள் பிரச்சினை, அக்கா, இந்தப் பாடத்தில் இல்லை" என்றார் ஆசிரியர். முதல் வாரம் எதில் நாற்பது என்று கேட்கக் கற்றுத்தந்தவர், எத்தனை நாள் என்ற கேள்வியை வெளியே நிறுத்தியது எனக்கு விளங்கவில்லை.

ஆனாலும் காசுக்குப் பழுதில்லை. முதல் வாரத்துக்காக மட்டுமே போகலாம். அடுத்த தொகுதியில் வேலைநாளையும் சேர்ப்பதாகவும், வருகிறவர்கள் வீட்டிலுள்ள பழைய சீட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்றும் பிறகு அறிவித்திருக்கிறார்கள். அம்மாவின் பிஸ்கட் டின்னில் 2018 டிசம்பர்ச் சீட்டும் 2019 பெப்ரவரிச் சீட்டும் கிடைத்தன. இரண்டாவதன் மூலையைக் கரையான் அரித்திருக்கிறது, பேர் எண்ணிக்கை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.