வெப்சைற் செய்யக் குடுத்து 185,000 ரூபா போச்சு. வீட்டில தொழில் செய்யிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ

நேற்று இரவுதான் விசயம் முழுக்கத் தெரிய வந்தது. இன்னும் கை நடுங்குது, எழுத்துப் பிழையைப் பாக்காதேங்கோ. கடைசியில அஞ்சு ஆலோசனை சொல்லுறன்.

நான் கோப்பாய்ப் பக்கம் வீட்டில தூள் வறுத்து விக்கிறனான். செத்தல், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் என்ர கையால வறுத்து, மில்லில பக்கத்தில நிண்டு திரிச்சு எடுக்கிறது. வெளியில இருக்கிற எங்கட சனமும் லேசா ஓடர் போடட்டும் எண்டுதான் வெப்சைற் ஆசை வந்தது.

டவுனுக்குள்ள மாடியில ஓபிஸ் வைச்சு வெப்சைற் செய்து குடுக்கிற இடம் ஒண்டு. பேர் போடேல்ல, போட்டா அது வேற பிரச்சினை. அங்கயிருந்து ஒரு பெடியன் வீட்டை வந்தான். செருப்பை வாசலில கழட்டி வைச்சிட்டு வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சான். போத்தலைத் திறந்து மணந்து பாத்திட்டு, "அன்ரி, இது எங்கட அம்மம்மா வறுக்கிற வாசம்" எண்டான். அந்த ஒரு சொல்லிலதான் நான் விழுந்தது. பில் தருவீங்களோ, எழுத்தில ஏதும் இருக்கோ எண்டு கேக்கிற வாய் அந்த நேரம் அடைச்சுப் போச்சு.

லாப்டொப்பில ஒரு சைற்றைக் காட்டினான். படம் வழுக்கி வழுக்கி மாறுது, எழுத்துப் பறந்து வந்து குந்துது. "உள்ள வாற ஆள் வாங்காமல் போகாது அன்ரி." மிளகாய் திரிக்கிற மெசின் வாங்கக் கட்டின சீட்டுக் காசை எடுத்தன். முதல் 100,000, சைற் வந்தாப் பிறகு 85,000. அதுக்குள்ள "செக்யூரிட்டிக்கு" எண்டு 15,000. சைற்றுக்குப் போற வாற விவரத்தை இடையில ஆரும் வாசிக்காமல் பூட்டுற அந்தச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் எண்ட அமைப்பிட்டச் சும்மா கிடைக்குமாம்! எனக்கு நேற்றுத்தான் தெரியும். 185,000 ரூபாக்கும் சேத்து ஒரு துண்டில எழுதித் தந்தவன், அவ்வளவுதான் றிசீற்.

லிங்கை பேஸ்புக்கிலயும் வட்ஸ்அப் ஸ்ரேற்றஸிலயும் நான்தான் போட்டன். எத்தினை பேர் வந்தவை எண்டு கீழ மூலையில ஒரு எண் ஓடும். ரெண்டு மாசத்தில 1,140. ஓடர் ஒண்டுகூட இல்லை. கேட்டா, "கூகுளுக்கு மூண்டு மாசம் எடுக்கும் அன்ரி." பிறகு, "சேர்வர் அப்டேற் நடக்குது." பிறகு, "நீங்கள் காசு போட்டு பூஸ்ட் பண்ணேல்லையே." அதுக்குப் பிறகு நீலச் சரி மட்டும் விழும், பதில் வராது.

நேற்று ரொறன்ரோவில இருக்கிற பெறாமகள் எடுத்தாள். "சித்தி, ரெண்டு தரம் ஓடர் போட்டுட்டன், ஒரு சத்தமும் இல்லை. என்னோட கோவமே?"

எனக்குத் தலை சுத்திச்சு. அவளின்ர மனுசனுக்குக் கொம்பியூட்டர் வேலை. என்ர பாஸ்வேட்டை வாங்கி உள்ள போய்ப் பாத்தார். ஓடர் படிவம் போற மெயில் என்ரயே இல்லை! வாங்கின டிசைனில உதாரணத்துக்குப் போட்டிருந்த மெயில் முகவரியை மாத்தாமலே விட்டிருக்கினம். அந்தப் படிவம் மெயில் அனுப்புறதோட சரி, உள்ள ஒரு இடத்திலயும் சேமிக்காது. எத்தினை பேர் பேரும் விலாசமும் நிரப்பிப்போட்டு என்னைத் திட்டிக்கொண்டு இருக்கினமோ, ஆருக்குத் தெரியும்.

அதோட நிக்கேல்ல. சைற்றைக் கட்டின வேர்ட்பிரஸ் எண்ட மென்பொருளில, தேடுபொறி இந்தப் பக்கம் வராதே எண்டு சொல்லுற பெட்டியில சரி போட்டபடி கிடக்குது. கூகுளுக்கு மூண்டு மாசமாம்! தமிழை பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சுப் படமாக்கி ஒட்டியிருக்கினம், அதைத் தேடி ஒருத்தரும் வரேலாது. போன் நம்பரும் படத்துக்குள்ள, அமத்தினா ஒண்டும் நடக்காது. முகப்புப் படம் ஒவ்வொண்டும் கமராவில எடுத்த அதே 7 எம்பி. என்ர போனில டேற்றாவில திறந்துபோட்டு கேத்திலை வைச்சன், தண்ணி கொதிச்சு அடங்கியும் முதல் படம் பாதிதான். ஒரு கிலோ என்ன விலை எண்டு அறிய மூண்டாம் பக்கத்துக்குப் போகோணும். ஆர் போவினம்?

இண்டைக்குக் காலமை ஓபிசுக்குப் போனன். "சேர் மீற்றிங்கில" எண்டு ஒரு பிள்ளை சொல்லிச்சு. ஒண்டரை மணித்தியாலம் கதிரையில இருந்தன். கண்ணாடிக்கு அங்கால இருந்து அவன் றோல்ஸ் சாப்பிடுறது தெரியுது. வெளியில வந்து, "சைற் ஓடுதுதானே அன்ரி? ஓடர் வாறது உங்கட அதிஷ்டம்" எண்டான். டொமைனும், அதுதான் சைற்றின்ர முகவரி, அவையின்ர பேரிலயாம், என்ர பேருக்கு மாத்த இன்னும் 40,000 வேணுமாம். 185,000 வாங்கின வாய்!

சரி, ஆலோசனை. டொமைனை உங்கட பேரில, உங்கட மெயிலில பதியுங்கோ, டொட் கொம் ஒண்டு வருசத்துக்கு 10, 15 டொலர்தான். கடைசிக் காசு குடுக்க முதல் உங்கட போனில, டேற்றாவில நீங்களே ஒரு ஓடர் போட்டு, அது வந்து சேருதோ எண்டு பாருங்கோ. விலை, நிறை, அனுப்புற செலவு, அமத்தினா வட்ஸ்அப் திறக்கிற பட்டன், இவ்வளவும் திரையை இழுக்க முதலே கண்ணில படோணும். தமிழ் படமா இல்லாமல், தேடினா அகப்படுற யூனிக்கோட் எழுத்தில இருக்கோணும். அஞ்சாவது என்னவோ யோசிச்சு வைச்சனான், இப்ப மண்டையில நிக்கேல்ல.

படிவத்தை மருமகன் இரவே திருத்திப்போட்டார். இந்த ரெண்டு மாசத்துக்குள்ள ஆராவது சைற்றில ஓடர் போட்டிருந்தா பழைய வட்ஸ்அப் நம்பருக்கு ஒரு சொல் போடுங்கோ. நான் பாத்திட்டுப் பேசாமல் இருக்கேல்ல, எனக்கு வரவே இல்லை.