பராமரிப்போர் ஓய்வெடுக்க மாற்றுப் பராமரிப்பு: வீட்டிலேயா, தங்கும் இல்லத்திலா?

ஆட்டிசம், வலிப்பு போன்றவற்றால் கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பேரக்குழந்தையை வளர்க்கும் தாத்தா பாட்டிகள், ஓய்வு வேண்டும் என முடிவெடுத்த பிறகும், பராமரிப்பாளரை வீட்டுக்கு வரவழைப்பதா, குழந்தையைச் சில நாட்கள் பராமரிப்பு இல்லத்தில் தங்கவைப்பதா எனத் தடுமாறுகிறார்கள்.

குழந்தையின் மனநிலை: இதையே முதலில் எடைபோட வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் இடமாற்றத்தையும் பழகாத ஒலிகளையும் தாங்கச் சிரமப்படுவார்கள். வீட்டில் படுக்கையும் உறங்கும் நேரமும் மாறுவதில்லை. ஆள் மட்டுமே புதியவர். இல்லத்தில் எல்லாமே ஒருசேர மாறுவதால், முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு பகல், அதன்பின் ஓர் இரவு எனப் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

பெரியவர்களின் ஓய்வு: பராமரிப்பாளர் வந்தாலும், வீட்டிலேயே இருக்கும் பாட்டியின் காது குழந்தையின் அறையில்தான் இருக்கும். இல்லத்தில் விட்டால் இரவு முழுவதும் உறங்கலாம். தள்ளிப்போட்டுவந்த கண்புரை அறுவை சிகிச்சையையும் செய்துகொள்ளலாம். அந்த உடல்நலம் குழந்தைக்கும் சேர்த்துத்தான் என்பதால் இதில் குற்றவுணர்வு வேண்டியதில்லை.

செலவு: வீட்டில் பெரும்பாலும் மணிக்கணக்கு, இல்லத்தில் நாட்கணக்கு.

நம்பகம்: வீட்டுக்கு வருபவர் ஒருநாள் வராவிட்டால் திட்டமே கலைந்துவிடும். இல்லத்தில் மாற்று ஆள் கிடைக்கலாம். ஆனால், வலிப்பு வரும் குழந்தையென்றால் இரவிலும் செவிலியர் இருப்பாரா எனக் கேட்டறிய வேண்டும். சட்டப்படி பாதுகாவலராக இல்லாத தாத்தா பாட்டிகளிடம் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்கப்படலாம்.

வாரந்தோறும் சில மணி நேரம் போதுமென்றால் வீட்டுப் பராமரிப்பே பொருந்தும். அறுவை சிகிச்சைக்கோ நெடுநாள் தூக்கமின்மைக்கோ இல்லமே ஏற்றது. அவசரம் வரும் முன்பே குழந்தையை அங்கு பழக்கத் தொடங்குங்கள்.