கடற்கரை விழாவுக்கு வைஃபை: நிறுவனமா, ஊர்க் கேபிள்காரரா?

தொண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்கு இந்த ஆண்டு பொது வைஃபை வைத்தோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் போட்டியை நேரலையில் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் கூட்டம் கூடியதும் கைபேசிக் கோபுரம் திணறிப்போவது இங்கே வழக்கம். உரிமம் பெற்ற இணைய நிறுவனம் ஒன்றை அழைத்து எல்லாவற்றையும் அதன் பெயரிலேயே செய்யச் சொல்வது ஒரு வழி. சிறு கடைக்காரர்களும் பொது வைஃபை தர வழிசெய்யும் மத்திய அரசின் பிஎம்-வாணி திட்டத்தின்கீழ் ஊர்க் கேபிள்காரரை வைத்துச் செய்வது இன்னொரு வழி. நாங்கள் தேர்ந்தது இரண்டாவதை. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியை எல்லா விழாக் குழுவிலும் யாராவது ஒருவர் சொல்வார்: ரூட்டரில் சிம் போட்டு, கடவுச்சொல்லை ஃபிளெக்ஸ் பலகையில் எழுதிவிடலாம் என்பார். வேண்டவே வேண்டாம். பொது வைஃபையைப் பயன்படுத்துகிறவர் யார் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பது 2009 பிப்ரவரியிலேயே தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்ட விஷயம். அதிலும் இது இலங்கைக்கு எதிரே இருக்கும் கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவும் கண்விழித்திருக்கும் இடத்தில், யாரோ அனுப்பிய செய்திக்கு சிம் உரிமையாளர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'வைஃபை அனுமதி' என்ற பெயரில் நகராட்சியோ பேரூராட்சியோ தரும் தாள் எதுவும் இல்லை. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை. 2018 அக்டோபர் அறிவிக்கைக்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதிக்கும் தேவையில்லை. வரையறுத்த திறனுக்குள் இருக்க வேண்டும், கருவிக்கு வகை ஒப்புதல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணியிலோ, கடைக்காரரோ கேபிள்காரரோ 'பொதுத் தரவு அலுவலகம்' ஆவதற்கு உரிமமும் இல்லை, பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. இப்படிப்பட்ட பல அலுவலகங்களைச் சேர்த்து நடத்தும், அவருக்கு மேலே இருக்கும் ஒருங்கிணைப்பாளர்தான் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆக, அலைவரிசைக் கணக்கில் இரண்டு வழிகளும் சமம்.

உள்ளாட்சி கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: கம்பம் யாருடைய நிலத்தில் நிற்கிறது, கம்பி எதன் மேல் போகிறது? எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் இதுதான். வேகமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் பேசிப் பார்த்த நிறுவனத்தின் திட்டம் பார்வைக்கு மிக நேர்த்தி. கடற்கரையில் கான்கிரீட் அடித்தளத்தோடு இரும்புக் கம்பங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடந்து புதிய ஃபைபர். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகங்களை எண்ணிப் பாருங்கள். கரை புறம்போக்கு என்றால் வட்டாட்சியர். பேரூராட்சித் தெருவில் கம்பி போனால் செயல் அலுவலர். ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும். சாலையை வெட்டினாலும் மேலே கடந்தாலும் நெடுஞ்சாலைத் துறை. கான்கிரீட் என்ற சொல் வந்ததுமே கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கேள்வி எழும். 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதத்தில் கடல்நீர் ஏறிவரும் உச்ச எல்லை) 500 மீட்டர் வரையிலான நிலம் அதன் வரம்புக்குள் வருகிறது. இவர்களில் எவரும் முடியாது என்று சொல்லப்போவதில்லை. ஒருவர் மற்றவரின் தடையின்மைச் சான்றைக் கேட்பார், அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் நிற்கப்போகும் கம்பத்துக்கு அந்த அலைச்சல் தகும். சூரியன் சாய்ந்ததும் பிடுங்கப்போகும் கம்பத்துக்கு எதற்கு?

கேபிள்காரரின் வழியில் இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடுகிறது. அவருடைய ஃபைபர் ஏற்கெனவே கடற்கரைத் தெருவின் கடைசி வீடு வரை வந்திருக்கிறது. "அண்ணே, அந்த வீட்டு மொட்டைமாடி மட்டும் கிடைத்தால் போதும்" என்றார். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்று, திடலில் அதைப் பார்த்தபடி இன்னொன்று. இடையில் கம்பியே இல்லை என்பதால் தெருவும் இல்லை, சாலையும் இல்லை. திடலில் புதிய கம்பம் எதையும் நடவில்லை. பந்தலுக்கு ஊன்றிய சவுக்குக் கம்புகளிலேயே கருவிகளைக் கட்டினோம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எப்படியும் விண்ணப்பிக்கத்தான் போகிறோம். அதே மனுவில் 'பந்தல் கம்புகளில் தற்காலிக வைஃபை கருவிகள் பொருத்தப்படும்' என்று ஒரு வரி சேர்த்தோம். காவல் நிலையத்தில் கேட்டது ஒரே கேள்வி: இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? கேபிள்காரரின் பெயரையும் ஒருங்கிணைப்பாளரின் பெயரையும் எழுதிக்கொடுத்தோம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மின்வாரியக் கம்பத்தில் ஏற்கெனவே கம்பி ஓடுகிறது என்பதற்காக இன்னொன்றையும் அதில் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு வாரியத்தின் அனுமதி தனி. மின்சாரத்துக்கும் அப்படியே: தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள், அல்லது ஜெனரேட்டர் வையுங்கள். கொக்கி போடும் பழக்கத்தை வைஃபைக்கும் நீட்ட வேண்டாம்.

கம்பின் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மனித உடல் பெரும்பாலும் தண்ணீர். அலையை நன்றாகவே விழுங்கும். கருவி ஆள் உயரத்தில் இருந்தால் முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும்தான் வைஃபை. தலைகளுக்கு மேலே வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். கச்சான் காற்றில் சவுக்குக் கம்பு லேசாக ஆடும். சுற்றிலும் பரப்பும் கருவிகளுக்கு அதனால் பாதிப்பில்லை. மாடியைக் குறிபார்க்கும் ரேடியோவை மட்டும் ஆடாத மூலைக்கம்பில், மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். இணைப்பு முனைகளுக்கு நீர்புகா நாடா சுற்றுங்கள். எங்கள் பக்கத்து வடகடலின் (பாக் நீரிணை) உப்பு தென்கடலைவிட (மன்னார் வளைகுடா) குறைவு என்று ஒரு பெரியவர் வாதிட்டார். கருவிக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

நிறுவனம் வெல்லும் இடங்களும் உண்டு. அவர்கள் வழியில் கைபேசியில் ஒரு பக்கம் தானாகத் திறக்கும், எண்ணைக் கொடுத்தால் ஒருமுறைக் கடவுச்சொல் வரும், வேலை முடிந்தது. பிஎம்-வாணியில் முதலில் செயலியை இறக்கிப் பதிவு செய்ய வேண்டும். திணறும் கோபுரத்தை நம்பிக் கடற்கரையில் செயலியை இறக்குவது நடக்கிற காரியமில்லை. அதனால் முதல் நாள் மாலையே ஊருக்குள் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தோம். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது பயன்படவில்லை. வயதானவர்கள் பேரப்பிள்ளைகளைத்தான் தேடினார்கள். யார் எப்போது இணைந்தார் என்ற பதிவைப் பாதுகாக்கும் சுமை இரண்டு வழியிலும் விழாக் குழுவின் தலையில் விழுவதில்லை என்பது நிம்மதி.

செலவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, கேபிள்காரர் மலிவு. பொதுத் தரவு அலுவலகங்களிடம் 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் திட்டங்களுக்கு வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025இல் வரம்பு வைத்துவிட்டது.

இதையெல்லாம் சின்ன ஊர் விழாவை வைத்துத்தான் சொல்கிறேன். ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலோ, சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடியிலோ கூடும் கூட்டத்துக்கு இந்தச் சவுக்குக் கம்பு ஏற்பாடு தாங்காது என்றே நினைக்கிறேன். அங்கே பொறுப்பேற்க ஒரு நிறுவனம் எதிரே உட்கார்ந்தால்தான் உள்ளாட்சி அதிகாரியும் பேசுவார். தனுஷ்கோடிப் பக்கம் வேறு கணக்கு. 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுவிட்டது; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் ஏற்கெனவே தேசியப் பூங்கா. அந்த எல்லைகளுக்குள் கம்பு ஊன்றுவது யாராக இருந்தாலும் முதல் கதவு வனச்சரகர் அலுவலகம்தான்.

மனுவில் கருவிகளைப் பொருத்தும் நாளோடு அகற்றும் நாளையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் எங்கள் மனுவைப் புரட்டிய எழுத்தர் முதலில் தேடியது அந்த வரியைத்தான். அது இருந்ததால் 'தற்காலிகம்' என்பதற்கு வேறு சான்று கேட்கவில்லை.