லாரன்ஸ் ரோடு மொபைல் கடையில் பவர் பேங்க் வாங்கினோம்

பொங்கலுக்கு வந்த மகள் சிங்கப்பூர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, அவளுடைய பவர் பேங்க்கை எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன். நிலையாக நிற்காமல் ஆடியது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் உப்பியிருக்கிறது. மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி. புதுச்சேரியில் ஒரு கடையில் 600 ரூபாய்க்கு வாங்கியதாம். “சார்ஜ் நன்றாகத்தானே ஏறுகிறது” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2025 அக்டோபரில் ஹாங்சோவிலிருந்து சியோலுக்குப் போன ஏர் சைனா விமானத்தில், தலைக்கு மேல் பைகள் வைக்கும் இடத்தில் ஒரு பயணியின் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, விமானத்தை அவசரமாக ஷாங்காயில் இறக்கினார்கள். அந்த வீடியோவை அவளும்தான் பார்த்தாள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் இருக்கும் இந்தக் கடை மிகச் சிறியது. கடைக்காரர் பழையதை வாங்கிக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுண்டினார். பம்பரம் போலச் சுற்றியது. “நல்லதாக இருந்தால் இப்படிச் சுற்றாது அம்மா. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. இனி இதைச் சார்ஜ் போடாதீர்கள்” என்று சொல்லி, மணல் கொட்டி வைத்திருந்த பழைய பெயின்ட் டப்பாவில் அதைப் புதைத்தார்.

பிறகு பில் தாளின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். பழையதின் மேல் 30,000 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருந்தது. அதை உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 111 வாட் ஹவர், அதாவது அதில் அடங்கும் மின் ஆற்றல். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வரைதான் விடுவார்கள், அதுவும் கைப்பையில் மட்டும். “30,000 என்பதே பொய்யாக இருந்தால் இன்னும் மோசம். வாட் ஹவர் அச்சிடாததை நான் விற்பதில்லை” என்றார்.

மகள் கேட்டது 20,000. கணக்குப்படி 74தான், கொண்டுபோகலாம். ஆனால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணோடு அன்று கையிருப்பில் இல்லை. வேறு எதையாவது எடுத்து நீட்டியிருக்கலாம், நீட்டவில்லை. 37 வாட் ஹவர் என்று தெளிவாக அச்சிட்ட 10,000 ஒன்றை 1,150 ரூபாய்க்கு வாங்கினோம். சாவி, சில்லறை உரசாமல் இருக்க ஒரு துணிப் பையும் கொடுத்தார். பில்லில் மாடல் எண்ணைக் கையால் எழுதித் தந்தார்.

விமானத்தில் தலைக்கு மேல் பை வைக்கும் இடத்தில் வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். 2025 ஜனவரி 28 அன்று புசானில் புறப்படவிருந்த ஏர் புசான் விமானம் எரிந்த பிறகு, தென்கொரியா மார்ச் முதல் இதையே விதியாக்கியது. கையில் இருந்தால் சூடேறும்போதே தெரிந்துவிடும். மேலே வைத்தால் புகை வந்த பிறகுதான் தெரியும்.

குறை ஒன்று உண்டு. மதியம் ஒன்றரைக்குப் பூட்டினால் நான்கு மணிக்குத்தான் திறக்கிறார். முதல் முறை வெயிலில் போய்த் திரும்பி வந்தோம்.

வீட்டு அலமாரியில் இன்னும் இரண்டு பழைய பவர் பேங்க்குகள் கிடக்கின்றன. வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.