மாஸ்டரின் பெடியள் நடத்தும் கிரிக்கெட் பயிற்சி

மகனை இந்தப் பின்னேரப் பயிற்சிக்கு அனுப்ப ஒரே காரணம், நடத்துகிற ஆட்கள் எல்லாரும் எங்கள் பள்ளிக்கூட மாஸ்டரிடம் பழகியவர்கள். 1990களில், போரால் இலங்கையின் வடக்குக்குப் பொருட்கள் வரவிடாத பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற நாட்களில், சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பெடியளை மைதானத்துக்குக் கூட்டிவந்த மனுசன் அவர். பிந்தி வந்தால் துடுப்பைத் தொட விடமாட்டார், சாப்பிடாமல் வந்தவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து முதலில் சாப்பிட வைப்பார். இங்கேயும் அதே பழக்கம்தான். முதல் மாதம் முழுக்க ஓட்டமும் களத்தடுப்பும், துடுப்பு அப்புறம். 1904 இல் தொடங்கிய, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' கிரிக்கெட் போட்டியில் ஆடும் கனவோடு வருகிற பிள்ளைக்குச் சலிக்கலாம், பரவாயில்லை. வலைகள் போதாது, பெரிய பெடியளுக்கே நேரம் போய்விடுகிறது, இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். வசதியில்லாத பிள்ளைகளிடம் காசு கேட்பதில்லை. தயங்காமல் சேருங்கள்.