பெர்த்தில் டாட்சன், சிங்கப்பூரில் பேரிங்

பெர்த்தில் டாட்சன் 620 பிக்கப் வைத்திருக்கும் நம் சிங்கப்பூர்க்காரர்கள், லீவில் சிங்கப்பூர் போகும்போது, மாற்றிப் போட வேண்டிய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஊரிலேயே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுவதுண்டு. அந்தக் கணக்கு உதைக்கும். சரக்கு வண்டிக்கு அங்கே சட்டப்படி ஆயுள் 20 வருஷம்தான். 1972 முதல் 1979 வரை வந்த 620க்குப் பொருந்தும் எஞ்சினைக் காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளில் தேடி அலைவது லீவு நாளை வீணாக்கும் வேலை. 620க்குப் பொருந்தும் எல்20பி எஞ்சின் ஆஸ்திரேலியாவில் டாட்சன் 200பி காரிலேயே வந்தது. அதைப் பெர்த்திலேயே தேடுங்கள். ஊரில் பார்க்க வேண்டியது பேரிங், ஆயில் சீல், நல்ல கைகள்.

முதலில் கியர்பாக்ஸை முடிவு செய்யுங்கள், எஞ்சின் பிறகு. பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, பிறகு கிராஸ்மெம்பரை (வண்டியின் அடியில் குறுக்கே போகும் சட்டத்தை) வெட்டுகிறார்கள். 620க்கு நான் சொல்வது, டாட்சனைத் தயாரித்த நிஸ்ஸானின் 71பி ஐந்து கியர் பெட்டி. 71 என்பது இரண்டு ஷாஃப்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள மில்லிமீட்டர்; 63 மி.மீ. உள்ள பெட்டியை விடத் தாங்கும். இதில் பெல்ஹவுஸிங் (கிளட்ச்சை மூடும் மணி வடிவ உறை) தனியாகக் கழலாது, முன்பக்கக் கேஸோடு ஒரே வார்ப்பு. எல்20பி போன்ற எல் வரிசை எஞ்சினுக்கு எல் கேஸ்தான் வேண்டும். நிஸ்ஸானின் வேறு வரிசைகளான சிஏ, எஸ்ஆர் எஞ்சின்களின் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் போல்ட் ஓட்டை நேர்படாது. கார் பெட்டிக்கும் லாரிப் பெட்டிக்கும் வால் நீளம் வேறு. கியர் கம்பி சீட்டுக்கு அடியில் போய் முட்டுமா என்று டேப் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது கியர் விகிதமும் பெட்டிக்குப் பெட்டி 0.75லிருந்து 0.86 வரை மாறும். பின் ஆக்ஸில் பழையதே என்றால் 0.75 பக்கம் போனால்தான் ஹைவேயில் எஞ்சின் அலறாது.

எல்20பி 1952 சிசி, போர் 85, ஸ்ட்ரோக் 86 மி.மீ. அதே வரிசையின் சிறிய எஞ்சினான எல்16ஐ விட பிளாக் சுமார் 20 மி.மீ. உயரம். அதனால் டைமிங் கவரும் செயினும் எல்20பியோடதே வர வேண்டும். எக்ஸாஸ்ட் பைப் இறங்கும் இடமும் தள்ளிப்போகும். கிராங்க் பின்முனையில் எல்16க்கு 5 போல்ட், இதற்கு 6. பழைய ஃபிளைவீல் உதவாது. ஆட்டோ வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின் என்றால் கிராங்க் முனையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் சிறு வளையம்) இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். சம்ப்பின் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆழம் முன்னாலா பின்னாலா என்பதைக் கிராஸ்மெம்பர்தான் தீர்மானிக்கும். சம்ப்பை மாற்றினால் உள்ளே இருக்கும் ஆயில் பிக்கப் பைப்பும் கூடவே மாற வேண்டும்.

இனி ஊர் வேலை. கியர்பாக்ஸைப் பெர்த்தில் பிரித்து, பழைய பேரிங், சீல் எல்லாவற்றையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் போங்கள். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) தங்கினால் நடை தூரம். கவுண்டரில் டாட்சன், 620 என்று கதை சொல்ல ஆரம்பித்தால் கைதான் ஆட்டுவார்கள். பேரிங்கை நீட்டினால் அங்கிள் துணியால் ஓரத்தைத் துடைத்து, விளக்கடியில் சாய்த்து நம்பரைப் படிப்பார். நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம். என் என்றால் வெளி வளையத்தில் ஸ்னாப் ரிங் காடி உண்டு. என்ஆர் என்றால் காடியும் ரிங்கும் சேர்ந்தே வரும். காடி இல்லாததை அளவு சரியென்று வாங்கி வந்தால் ஷாஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. சி3 என்று இருந்தால் உள் இடைவெளி கூடுதல். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேளுங்கள். என்எஸ்கே, என்டிஎன், கோயோ என எந்தக் கம்பெனி பேரிங் கிடைத்தாலும் சரி, அட்டைப்பெட்டி மேல் உள்ள அச்சு மங்கலாக இருந்தால் மட்டும் வேண்டாம். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். சீலின் உதடு தேய்ந்திருந்தால் ஷாஃப்டை வெர்னியரில் அளந்து எழுதி வந்திருக்க வேண்டும்.

சிங்க்ரோ ரிங்கை (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) கியரில் அழுத்திப் பிடித்து இடைவெளியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பாருங்கள். புதியதில் 1.2 முதல் 1.6 மி.மீ.; 0.8க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இந்த ரிங் பேரிங் கடையில் கிடைக்காது. பார்ட்ஸ் கடையில் பழையதைக் காட்டி ஆர்டர் போட வேண்டும், வர நாளாகும். வந்து இறங்கிய மறுநாளே போட்டுவிடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகிறவர்கள் இந்த வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம், கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும்.

கிளட்ச்தான் எல்லோரையும் கவிழ்ப்பது. பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தாங்கும் காலரில் உயரம் பலவிதம் உண்டு. அது கியர்பாக்ஸோடு போவதில்லை, பிரஷர் பிளேட்டோடு போவது. பிளேட்டை ஃபிளைவீலில் முறுக்கி, பேரிங்கோடு காலரை மேலே வைத்து, ஃபிளைவீல் முகத்திலிருந்து ஃபோர்க் தொடும் இடம் வரை அளந்தால் சுமார் 92 மி.மீ. வர வேண்டும். குறைந்தால் பெடல் தரை வரை போயும் கியர் விழாது. கூடினால் கிளட்ச் எந்நேரமும் பாதி அழுந்தியே இருந்து கருகும். பொருந்தும் காலர் கிடைக்காவிட்டால் உயரத்தை எழுதிக் கொடுத்து லேத் கடையில் கடைந்து வாங்கலாம். வாங்கிய கையோடு அங்கேயே அளந்து பாருங்கள்.

கிளட்ச் டிஸ்க், கேஸ்கெட் இரண்டையும் ஊரில் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த எதையும் 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவுக்குள் விடுவதில்லை. பழைய சரக்கில் அது இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் வேண்டாம். வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது எடுத்த நீளம் இல்லாமல் எந்தக் கடைக்காரரும் சரியாக வெட்ட முடியாது.

பேரிங்கை செக்-இன் பெட்டியில் போடுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் கார்புரேட்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஜிஎஸ்டி 9 சதவீதத்தைச் சாங்கியில் திரும்ப வாங்கலாம் என்று எண்ணுகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிக்கும்) அது கிடையாது, எங்கே குடியிருந்தாலும். மற்றவர்களுக்கும் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கினால், அதுவும் திட்டத்தில் சேர்ந்த கடை என்றால்தான். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பெர்த்தில் இறங்கும்போது 900 ஆஸ்திரேலிய டாலர் சலுகை வரம்பைக் காட்ட அது வேண்டும்.

கியர்பாக்ஸைச் சேர்த்த பிறகு கியர் ஆயில் சுமார் 2 லிட்டர், ஜிஎல்-4 தரம் மட்டும். ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது. எஞ்சினைத் தூக்கி வைப்பதற்கு முன்பே மேற்கு ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையிடம் மாற்ற அனுமதிக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.